வாடகை நூலகத்து அக்கா பதில்கள்: பிராங்கன்ஸ்டைன் மங்கா

போன இதழில் ஜுன்ஜி இட்டோவின் ‘பிராங்கன்ஸ்டைன்’ மங்காவைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட நாவலை இட்டோ ஜப்பானியக் காமிக்ஸாக வரைந்திருக்கிறார். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண் திறந்ததும் பார்க்கச் சகிக்காமல் ஓடிவிடுகிறான். அநாதையாக விடப்பட்டது அவனைத் தேடி வருகிறது. குன்னூரில் இருபத்தாறு வருடம் வாடகை நூலகம் நடத்தியிருக்கிறேன். பேய்க்கதை எடுத்துப் போகிறவர்கள் அதைப் பற்றி வாய்திறக்க மாட்டார்கள், அமைதியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை கட்டுக் கட்டாகக் கடிதம். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: நீங்கள் எழுதியதைப் பார்த்துப் பேரன் பிறந்தநாளுக்கு வாங்கினேன். முன்னட்டையைத் திறந்தால் கதையின் முடிவு இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். இது அச்சுப்பிழையா, பைண்டிங் கோளாறா?
*– ஓய்வுபெற்ற தபால்காரர், ஊட்டி*

ஐயா, இரண்டும் இல்லை. ஜப்பானியர்கள் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். ஆங்கிலப் பதிப்பிலும் அந்த வரிசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாம் பின்னட்டை என்று நினைக்கும் பக்கம்தான் முன்னட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலைக் கட்டத்தில் ஆரம்பித்து இடப்பக்கமாக வாருங்கள், அப்புறம் கீழ் வரிசை. பேச்சு பலூன்களுக்கும் இதே வரிசைதான். பத்துப் பக்கம் தடுமாறும், பிறகு கண் பழகிவிடும்.

இந்த வரிசையில் ஒரு வித்தை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விரித்து வைத்தால் இடது பக்கத்தின் கடைசிக் கட்டம்தான் கையால் தாளைப் புரட்டுவதற்கு முன் நீங்கள் பார்க்கும் கடைசிப் படம். இட்டோ அந்தக் கட்டத்தில் எதையும் காட்ட மாட்டார். ஒரு கதவு, வியர்த்த முகம், எதையோ பார்த்து விரிந்த கண், அவ்வளவுதான். தாளைப் புரட்டினால் முழுப் பக்கத்துக்கு அது நிற்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர் நீங்கள். வளைவில் ஹாரன் அடித்துவிட்டு டிரைவர் வண்டியைத் திருப்பும்போது, எதிரே லாரியா, காட்டெருமையா, வெறும் பனியா என்று தெரியாத அந்த ஒரு நொடி இருக்கிறதல்லவா? இவர் அதைத்தான் காகிதத்தில் செய்கிறார். ஓட்டுவது டிரைவர் இல்லை, நம் விரல். அதனால்தான் பயம் கூடுகிறது.

பேரனையே பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நன்றாகச் சொல்லித் தருவான்.

கே: பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர்தானே?
*– பெயர் போடவேண்டாம் என்று எழுதியவர், அருவங்காடு*

இல்லை, அதை உண்டாக்கியவனின் குடும்பப் பெயர். அதற்குப் பெயரே இல்லை. நாவல் முடியும்வரை யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. கழுத்தில் போல்ட், தட்டைத் தலை எல்லாம் 1931-ல் வந்த சினிமாவின் ஒப்பனை. மேரி ஷெல்லி எழுதியது வேறு: எட்டடி உயரம், மஞ்சள் தோல், வழியும் கருங்கூந்தல், முத்துப் போன்ற பல், கருத்த உதடு. தனித்தனியாக அழகான உறுப்புகளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று விக்டரே சொல்கிறான்.

கே: எனக்குப் பத்தொன்பது வயது. மேரி ஷெல்லி பதினெட்டு வயதில் இதை எழுத ஆரம்பித்தார் என்று நீங்கள் எழுதியதை நம்பவே முடியவில்லை. அந்த வயதில் பிணமும் சுடுகாடும் எப்படி அக்கா மனதில் வந்தது?
*– கல்லூரி மாணவி, ஊட்டி*

கண்ணு, அந்த வயதுக்குள் அவர் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. 1797 ஆகஸ்ட் 30-ல் பிறந்தார். பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட்தான் அம்மா. பிரசவக் காய்ச்சலில் பதினோராம் நாள் அம்மா போய்விட்டார். 1815 பிப்ரவரியில் மேரிக்கே ஒரு பெண் குழந்தை, குறைமாதத்தில். இரண்டு வாரம்கூட இல்லை, அதுவும் போய்விட்டது. மார்ச் மாதம் தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்திருக்கிறார். குழந்தை சாகவே இல்லையாம், குளிரில் விறைத்துத்தான் போயிருந்ததாம். நெருப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்துக் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

இதைப் படித்த அன்று நான் மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை. செத்த உடம்பைச் சூடாக்கி உயிர்கொடுக்கும் கதை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தக் காலத்து மின்சாரப் பரிசோதனைகளையெல்லாம் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு முதல் காரணம் அந்தக் கணப்பு அடுப்பும், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணும்தான்.

அடுத்த வருடம், 1816 கோடையில், மேரியும் அவர் காதலர் ஷெல்லியும் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த மாளிகைக்குப் போகிறார்கள். அந்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கியது வானத்தில் பரவி வெயிலை மறைத்திருந்தது. ஓயாத மழை, வெளியே கால் வைக்க முடியாது. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். ஐப்பசி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் கிடந்தவர்களுக்கு அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டாம். அந்தப் போட்டியில் மேரிக்குக் கிடைத்ததுதான் பிராங்கன்ஸ்டைன். பைரனின் டாக்டர் போலிடோரி எழுதியது 1819-ல் அச்சான ஒரு ரத்தக்காட்டேரிக் கதை. டிராகுலா வருவதற்கு 78 வருடம் முந்தியது அது.

1818 ஜனவரி முதல் தேதி ஐந்நூறு பிரதி, ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. எழுதியவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. நீயும் ஏதாவது எழுதி வைத்திருந்தால் பெயர் போட்டே அனுப்பு.

கே: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கூட்டாளியிடம் வாங்கி இந்தப் புத்தகத்தைப் படிக்கிறான். திறந்து பார்த்தேன், அறுத்துத் தைத்த உடம்பாக இருக்கிறது. லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா, கொளுத்திப் போடு என்கிறது. பிடுங்கிவிடட்டுமா?
*– கொழுந்து பறிக்கும் தொழிலாளி, கோத்தகிரி*

தாயி, கொளுத்த வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கினால் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், என்னிடம் பதின்மூன்று வயதுப் பையன் வந்து கேட்டிருந்தால் இரண்டு வருடம் கழித்து வா என்றுதான் சொல்லியிருப்பேன். இட்டோ வரையும் சதை, முடி, தையல் எல்லாம் கண்ணை மூடினாலும் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்காக வரைந்தது இல்லை.

இப்போது படித்துவிட்டானே, என்ன செய்வது? ராத்திரி சோறு போடும்போது கதையைச் சொல்லச் சொல்லுங்கள். படத்தைக் காட்ட வேண்டாம், வாயால் சொல்லட்டும். ‘பாவம்மா அது’ என்று எங்காவது சொன்னான் என்றால் கவலையே வேண்டாம், சரியாகத்தான் படித்திருக்கிறான். ராத்திரி தனியாக வெளியே போகப் பயப்படுகிறான், தூக்கம் கெடுகிறது என்றால் மட்டும் புத்தகத்தைக் கூட்டாளி வீட்டிலேயே கொடுத்துவரச் சொல்லுங்கள்.

கே: மங்காவைப் படித்தாயிற்று. கதை தெரிந்துவிட்டது. இனி நாவலைப் படிக்க வேண்டுமா?
*– வங்கி ஊழியர், கொடைக்கானல்*

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை கடிதத்தையும் பிரித்தேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் படிக்கவேண்டும். கதைக்காக இல்லை, ஒரு குரலுக்காக.

நாவலின் நடுவில், 1831-ல் திருத்தி வந்த பதிப்பின்படி பதினொன்றாம் அத்தியாயத்திலிருந்து பதினாறு வரை, அந்தப் பெயரில்லாத உயிரே பேசுகிறது. காட்டில் முதல்முதலாக நிலாவைப் பார்த்ததை, நெருப்பு சுடும் என்று தெரியாமல் கையை விட்டதை, பறவை மாதிரி கூவிப் பார்த்துத் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்ததைச் சொல்கிறது. பிறகு ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. சுவர் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்தே பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. ராத்திரியில் அவர்களுக்கு விறகு வெட்டி வாசலில் போடுகிறது. யார் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த வீட்டுப் பெரியவர் டி லேசிக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அது உள்ளே போய் அவர் முன்னால் உட்காருகிறது. அவர் பயப்படவில்லை. உன் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் நீ பேசுவதைக் கேட்டால் உண்மையானவன் என்று தோன்றுகிறது என்கிறார். அந்த நேரம் பார்த்து மகன் ஃபெலிக்ஸ் உள்ளே வருகிறான், பார்க்கிறான், கம்பால் அடிக்கிறான்.

நாவல் படிக்கிற நாமும் அந்தப் பெரியவர் மாதிரிதான். நம் கண்முன் முகம் இல்லை, காதில் விழும் பேச்சுதான் உண்டு. ஆறு அத்தியாயம் கேட்டபிறகு அதை வெறுக்க முடிவதில்லை. மங்காவில் நமக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் முகம் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்ததும் நாம் ஃபெலிக்ஸாகிவிடுகிறோம்.

எனக்கு இது ஏட்டு விஷயம் இல்லை. நூலகம் தொடங்கிய புதிதில் ஒருவர் கடை சாத்தும் நேரத்துக்குத்தான் வருவார். பலகைக் கதவில் மூன்று பலகையை நான் மாட்டியிருப்பேன். வெளியில் இருட்டில் நின்றபடியே, ‘அடுத்த பாகம் வந்துடுச்சுங்களா?’ என்பார். மங்கி குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். குன்னூர்க் குளிரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. அரசர் கதைத் தொடர்கள்தான் எடுப்பார். நல்ல கனமான குரல். ‘மூணாம் பாகத்துல அந்தப் படைத்தளபதியை ரெண்டு வரியில கொன்னுட்டாருங்க, மனசே ஆறல’ என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னதை இன்றைக்கும் அதே குரலில் கேட்கமுடிகிறது எனக்கு. புத்தகம் பேச அவரைப் போல ஆள் எனக்கு வேறு கிடைக்கவில்லை. எட்டு மாதம் இப்படி.

ஒரு மழை ராத்திரி கரண்ட் போய்விட்டது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினேன். அவர் நனைந்த குல்லாவைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். இடது கண்ணிலிருந்து உதடுவரை கன்னம் இல்லை. எஸ்டேட் வேலியோரத்தில் கரடி அடித்தது என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். தையல் போட்ட இடத்தில் தோல் இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன். பின்னால் நகர்ந்ததில் கணக்கு நோட்டு கீழே விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைக் காசைப் பலகைமேல் வைத்துவிட்டு, குல்லாவை ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீட்டிய புத்தகம் என் கையிலேயே இருந்தது.

தை மாதம் வரை வரவில்லை. வந்த அன்று நான் பலகை ஒன்றையும் மாட்டியிருக்கவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார், அப்புறம் வந்து உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது இன்றுவரை பாக்கி இருக்கிறது.

இட்டோ புத்தகம் கைக்கு வந்தபோது முதல் தடவை முகம் வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். இரண்டாம் தடவை வேண்டுமென்றே நிறுத்தினேன். ஒரு முழுப் பக்க முகத்தை எடுத்துத் தையல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். நெற்றிக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிவிட்டது. ஆறேழு நிமிடத்துக்குப் பிறகு பயம் போய்விட்டது, அது ஒரு முகம், அவ்வளவுதான். அரிக்கேன் வெளிச்சத்தில் எனக்கு இந்த நேரம் கிடைக்கவில்லை. மங்கா அந்த நேரத்தைக் கொடுக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கிறது. நாவலால் இதைச் செய்ய முடியாது.

நீங்கள் மங்காவை முடித்துவிட்டீர்கள், இனி நாவலை எடுங்கள். இன்னும் தொடங்காதவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நாவல், அப்புறம் மங்கா. ஆங்கில மூலம் இணையத்தில் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகவே இருக்கிறது. முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லை என்றால் அந்த ஆறு அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள், முடிந்தால் வாய்விட்டு.

கே: நாவலில் அந்த உயிர் தனக்கு ஒரு பெண் துணை கேட்கிறது, விக்டர் அதை முழுதாக உண்டாக்காமல் கிழித்துப் போடுகிறானே, இட்டோ ஏன் மாற்றினார்? விருது வேறு கொடுத்திருக்கிறார்கள்!
*– ஆங்கில ஆசிரியர், கோத்தகிரி*

ஆமாம், 2019-ல் காமிக்ஸுக்குத் தரும் ஐஸ்னர் விருது, வேறு வடிவத்திலிருந்து தழுவிய சிறந்த படைப்பு என்ற பிரிவில். மாற்றத்தில் எனக்கும் வருத்தம்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவில், ஜன்னலுக்கு வெளியே அது நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி முடித்த துணையை விக்டர் கிழிக்கும் இடம் நாவலின் உச்சம். கையில் கிடைக்கப்போன வாழ்க்கை கண்ணெதிரே போகிறது. இட்டோ விக்டரை அந்த வேலையை முடிக்கவைக்கிறார். அதற்கப்புறம் நடப்பதை நான் சொல்லக்கூடாது. வரைகிறவருக்கு அதை வரைந்து பார்க்கும் ஆசை இருந்திருக்கும், புரிகிறது. ஆனாலும் நான் மேரி ஷெல்லி பக்கம்.

கே: நான் முத்து காமிக்ஸ் காலத்து ஆள். எனக்கு இது பிடிக்குமா?
*– டாக்சி ஓட்டுநர், குன்னூர்*

1972-ல் முத்து காமிக்ஸ் முதல் புத்தகமாக வந்தது யார்? இரும்புக்கை மாயாவி. கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடம்பு மறைந்துவிடும். நீங்கள் சின்ன வயதிலேயே பிராங்கன்ஸ்டைனின் சொந்தக்காரரைப் படித்தவர் அண்ணா. பிடிக்கும். அந்தத் தடித்த புத்தகத்தில் பிராங்கன்ஸ்டைன் ஒரு பகுதிதான், மீதி இட்டோவின் வேறு கதைகள். அவற்றை மெதுவாகப் படிக்கலாம்.

கே: நான் படம் வரைவேன். நீலகிரியை வைத்து ஒரு திகில் மங்கா வரைய ஆசை. பனியை எப்படி வரைவது? சாம்பல் நிறம் பூசினால் அழுக்கு மாதிரி இருக்கிறது. கதைக்கு ஒரு வெள்ளைக்காரன் பங்களா பேய் யோசித்து வைத்திருக்கிறேன்.
*– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், கூடலூர்*

தம்பி, பனியை வரையாதே, விட்டுவிடு. வெள்ளைத் தாள்தான் பனி. தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தை மேலிருந்து வரைந்துகொண்டு வந்து பாதியில் கோட்டை நிறுத்திப் பார். பக்கத்தில் இருக்கும் தேயிலைச் செடிக்கு நெருக்கமான கோடு, அடுத்த வரிசைக்குக் கொஞ்சம் இடைவெளி, அதற்கடுத்தது வெறும் புள்ளி. நான் வரைகிறவள் இல்லை, கடையில் வந்து வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் பார்த்துக் கற்றது இது. இட்டோவின் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். கருப்பாகத் தெரிகிற இடம் நிறைய மெல்லிய கோடுகளின் கூட்டம். 1987-ல் முதல் கதை வந்தபோது அவர் பல்செட் செய்யும் வேலையில் இருந்தவர். அரை மில்லிமீட்டர் வேலை பழகிய கை அது.

பங்களா பேய் வேண்டாம் என்பது என் எண்ணம். அது எல்லோரும் யோசிப்பது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு ஒரு நாள் போய் வா. 1829-ல் அடிக்கல் நாட்டியது. அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். தோற்ற ராஜாவின் வீட்டு உத்திரத்தின் கீழ் ஜெயித்தவர்கள் முழங்காலிட்டிருக்கிறார்கள். அத்தனை மரத்தையும் இந்த மலைக்கு மேலே ஏற்றியவர்கள் யார்? அவர்களில் ஒருவரிடம் கதையை ஆரம்பி. இன்னொன்றும் உனக்கு உபயோகப்படலாம். மேரி ஷெல்லியின் புத்தகம் வந்த அதே 1818-ல்தான் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கின்டர்ஸ்லி இருவரும் இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். மறுவருடம் கலெக்டர் சல்லிவனே வந்தார். இங்கே ஏற்கெனவே இருந்த தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படகர் கண்ணுக்கு அந்த வெளுத்த முகங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

பத்துப் பக்கம் முடித்ததும் பத்திரிகை முகவரிக்கே அனுப்பு. பிரதி எடுத்து அனுப்பு, மூலத்தை அனுப்பிவிடாதே.

கே: ஆசையாக விலை கொடுத்து வாங்கினேன். போன கார்த்திகையில் என் புத்தகம் பாதி பூசணம் பிடித்துவிட்டது. இந்தப் புத்தகத்துக்கும் அந்தக் கதி வராமல் எப்படிக் காப்பாற்றுவது?
*– குடும்பத் தலைவி, வெலிங்டன்*

ஊட்டிப் பக்கம் ஆடி மழைக்குப் பயப்படுவார்கள், நமக்கு ஐப்பசி கார்த்திகைதான் எமன். நான் நாலாயிரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன். அலமாரியைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள், சுவரின் ஓதம் முதுகு வழியாகத்தான் ஏறும். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டவே கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். நான் அலமாரி அடித்தட்டில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைப் புத்தகத்தில் படாமல் தள்ளிவைத்து எரியவிடுவேன், அதன் சூடு போதும். இப்போதைய எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு கிடையாது. அதனால் செருப்பு டப்பாவில் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைச் சேர்த்து வைத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். கற்பூரம் பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு உதவாது. பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த பஞ்சால் துடைத்து, தை மாசி வெயில் வரும்போது நிழலில் விரித்து வையுங்கள்.

இந்தப் புத்தகத்தில் முழுக் கருப்புப் பக்கங்கள் நிறைய. விரல் பட்டால் அப்படியே தெரியும். வர்க்கி தின்ற கையோடு தொடாதீர்கள், அந்த எண்ணெய் போகவே போகாது.